தண்ணீர் ஏறும் வழி

"சர்க்கார் படகோட இன்ஜினையே பொசுக்கிட்டியேடா! இன்னியோட உன் வேலை போச்சு" என்று பாரூர் ஏரிக்கரையில் டிரைவர் யேசுராஜிடம் கத்தினார் ஓவர்சியர் வெங்கடப்பன்.

"லீவு முடிஞ்சு வந்து எடுத்தேன் சார். பத்து நிமிசத்துல புகைஞ்சு நின்னுடுச்சி."

கரையேற்றிய படகின் அடியில் படுத்திருந்த கிருஷ்ணகிரி மெக்கானிக் பிரகாசம் குரல் கொடுத்தார். "பிஸ்டனை மாத்திடலாங்க. ஆனா இன்ஜினைக் குளிர வைக்க ஏரித் தண்ணி ஏறுற ஓட்டையை என்னமோ அடைச்சிருக்குது. அதான் சூடேறிப் பொசுங்கிருக்கு."

"இவன்தான் திணிச்சிருப்பான்! வெளிய எடு. போலீசுல குடுக்கிறேன்."

பிரகாசம் கம்பியால் நோண்டி எடுத்ததை நீட்டினார். குங்குமக் கறையோடு ஓர் எலுமிச்சம்பழம்.

ஓவர்சியரின் குரல் இறங்கிப்போனது.

"ஆயுத பூசை அன்னிக்கு நான்தான்யா வச்சேன். படகுக்கு ஏது டயரு?"