செவ்வாய்க்கிழமை மட்டும்

“பதினாலாம் நம்பரைத் தூக்கிடுங்க, மேடம். கட்டுரை பிழைச்சுக்கும்.”

“முடியாது, சார். ஒத்துவராத நம்பரைத் தூக்கினா அதுக்குப் பேர் ஆராய்ச்சி இல்லை, பித்தலாட்டம்.”

டாக்டரம்மா ஹார்மோன் நிபுணர். எதிரே நின்றவர் அவருடைய ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுத் தரும் புள்ளியியல் நிபுணர். எல்லோருக்கும் புள்ளி சார். ஒன்பது வருடமாக இருவரும் எலியும் பூனையும்தான். சண்டை போட வீட்டில் ஆளில்லாத இரண்டு பேரும் இங்கே வந்து தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது நர்ஸின் கட்சி.

சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி நாளுக்கு நாள் மாறுவதில்லை. இதுதான் டாக்டரம்மாவின் ஆறு வருட ஆராய்ச்சி. அவர்களுடைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் முப்பது பேர், வாரத்தில் மூன்று நாள், வெறும் வயிற்றோடு வந்து, மூச்சுக்காற்றை அளக்க, தலையைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு மூடியோடு அரை மணி நேரம் படுத்து, ரத்தமும் கொடுத்தார்கள். ஆளுக்கொரு நம்பர் அட்டை; அந்த நம்பரை அவரவரே மிஷினில் பதிந்துகொள்வார்கள். யாருக்கு எந்த நம்பர் என்பது அவரவருக்கும் நர்ஸுக்கும் மட்டுமே தெரியும். இருபத்தொன்பது பேரின் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. பதினாலாம் நம்பருக்கு மட்டும் செவ்வாய்க்கிழமைகளில் எகிறியது.

வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லுங்கள் என்று மருத்துவ இதழ் கெடு வைத்துவிட்டது. சொல்லாவிட்டால் ஆறு வருட உழைப்பும் கோவிந்தா.

“மிஷின் கோளாறா இருக்கும்” என்றார் புள்ளி சார்.

“மத்த எல்லாருக்கும் அதே மிஷின்தானே?”

“திருட்டுத்தனமா சாப்பிட்டுட்டு வந்திருப்பார்.”

“சாப்பிட்டிருந்தா மூச்சுக்காத்தே காட்டிக்கொடுத்திடும்.”

“தைராய்டு?”

“தைராய்டு கிழமை பார்த்தா வரும்?”

புள்ளி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டரம்மாவுக்கு ஜெயித்துவிட்ட நினைப்பு. உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

“நான் கண்டுபிடிச்சுட்டேன், சார். அன்னிக்கு மட்டும் அவர் ரத்தத்துல அட்ரினலின் ஏறியிருக்கு. படபடப்பு! செவ்வாய்க்கிழமை நர்ஸுக்கு லீவு. எல்லாருக்கும் மூடி மாட்டிவிடறது நான்தான். பாவம், அந்த மனுஷனுக்கு என்னைக் கண்டா அவ்வளவு பயம்!”

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். “‘ஆராய்ச்சியாளர் மேல் உள்ள பயமே காரணம்.’ ஒரே வரி. இப்பவே அனுப்பிடறேன்.”

“அப்படி எழுதாதீங்க, மேடம்.”

“ஏன்?”

“தப்பு. அது பயம் இல்லை.”

“அடேங்கப்பா! உங்களுக்கு எப்படித் தெரியுமாம்?”

புள்ளி சார் சட்டைப்பையிலிருந்து தன் நம்பர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பதினாலு.