கேட்காமல் அடித்த போல்ட்

பாறை ஏறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடத்தில் முதலில் ஏறியவரைக் கேட்காமல் யாரும் அதில் இரும்பு அடிக்கக் கூடாது. இந்தப் பாறையின் நீண்ட வெடிப்பில் இருபது வருடங்களுக்கு முன் முதலில் ஏறியவள் கபிலா. விழாமலிருக்கக் கயிறு மாட்டி வெடிப்பில் செருகிய ஆப்புகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு இறங்கியவள். போன மாதம், வெடிப்பு முடிந்து பாறை வழவழப்பாகும் இடத்தில், ஜெரால்டு துளை போட்டு, கயிறு மாட்டும் வளையத்தோடு ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டான். அவளைக் கேட்கவில்லை.

அதைக் கழற்றத்தான் இன்று ஸ்பேனரோடு ஏறினாள். கீழே கயிறு பிடித்திருந்தவனும் ஜெரால்டுதான்.

"கழட்டிட்டு ஓட்டையையும் அடைச்சுடுவேன்டா!" என்று மேலிருந்து கத்தினாள்.

"உங்க இஷ்டம்க்கா. பாத்து."

ஸ்பேனரைத் திருக இரண்டு கையும் வேண்டும். வேறு வழியில்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு, இடுப்புப் பட்டையின் கொக்கியை அந்த போல்ட்டின் வளையத்திலேயே மாட்டினாள். ஸ்பேனரை நட்டில் வைத்த நொடியில், இருபது வருடமாக அவள் நம்பி மிதித்த விளிம்பு காலடியில் உடைந்து, ஸ்பேனரோடு சேர்ந்து ஜெரால்டின் தோளை ஒட்டிப் போனது.

கபிலா போகவில்லை. சுண்டுவிரல் பருமனுள்ள இரும்பில் ஆடிக்கொண்டிருந்தாள். ஆட்டம் நின்றதும் அதைப் பிடித்து நெற்றியை வைத்தாள். வெயிலில் காய்ந்த இரும்பு சுட்டது. நெற்றியை எடுக்கவில்லை.

"அக்கா! ஒண்ணும் ஆகலையே?"

"எவனாவது கேட்டா, என்கிட்ட கேட்டுட்டுத்தான் அடிச்சேன்னு சொல்லு."

"நான் கேக்கலையேக்கா."

"கேட்ட. நான்தான் பதில் சொல்ல லேட் பண்ணிட்டேன்."