காலரில் இரண்டு சொட்டு

சவரம் முடித்த ஈரக் கத்தியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. போட்டிருந்த புது வெள்ளைச் சட்டையைக் கண்ணாடியில் பார்த்த அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலர் நுனியில் சிவப்பாக இரண்டு சொட்டு ரத்தம்.

அவர் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. பத்து மணிக்கு முதலாளி முன்னிலையில் ‘முதலுதவி’ என்ற தலைப்பில் பேச வேண்டும். பேச்சு எடுபட்டால் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி பதவி நிச்சயம் என்று காதில் போட்டிருந்தார்கள். இப்போது மணி எட்டரை.

“சவரம் பண்ணும்போது கீறிடுச்சு,” என்று தாமே கண்டுபிடித்தார். மேடையில் காட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த புத்தம் புது முதலுதவிப் பெட்டியைத் திறந்து, தாடையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார். பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். இடது கையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள்.

“ஏங்க, அந்தப் பெட்டியைக் கொஞ்சம்...”

“அதைத் தொடாதே. மேடைக்குப் போற பெட்டி, அடுக்கு கலைஞ்சிடும். முதல்ல இந்தச் சட்டையைக் கவனி.”

அதிகாரியின் தாடைக்காக மட்டும் அடுக்கு கலையலாம் போலிருக்கிறது. மனைவி வலது கையை நீட்டிச் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

“நல்லா கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்து.”

“வெந்நீர் பட்டா ரத்தக்கறை ஒட்டிக்கும்ங்க. பச்சைத் தண்ணிதான் ஊத்தணும்.”

“பாதுகாப்பு அதிகாரி நீயா, நானா?”

அதிகாரி அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அவர் நனைத்ததில்லை. அவள் பாட்டுக்குப் பச்சைத் தண்ணீரில் காலரை நனைத்து, உப்பைத் தூவி, ஒரே கையால் கசக்க ஆரம்பித்தாள்.

குளியலறை வாசலில் நின்று அவர் பேச்சை ஒத்திகை பார்த்தார். “தொழிலாளத் தோழர்களே, விபத்து நடந்தால் பதற்றம் கூடாது. யாருக்கு அடிபட்டிருக்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். கண் முன்னால் இருப்பவரின் வலியைக் கண்டுகொள்ளாதவன் மனிதனே அல்ல.”

கடைசி வரியில் அவருக்கே மெய்சிலிர்த்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

காலர் பளிச்சென்று ஆகிவிட்டது. அவர் திருப்தியாகச் சட்டையை விரித்துப் பார்த்தால், கை மடிப்பில் புதிதாக ஒரு சொட்டு.

“இது எப்படி இங்க வந்துச்சு? ஒரு கறையை எடுக்கச் சொன்னா இன்னொண்ணைக் கொண்டு வர்றியே. ரெண்டு கையாலயும் தேய்ச்சா என்ன, குறைஞ்சா போயிடுவ?”

அவள் மறுபடி உப்பை எடுத்தாள். வலது கையாலேயே அலசி, வலது கையாலேயே பிழிந்து, ஈரத்தோடு இஸ்திரி போட்டு நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது. அதிகாரி சட்டை வெளுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

ஒன்பதே கால். சட்டை, டை, அடையாள அட்டை எல்லாம் கச்சிதம். தாடையிலிருந்த பிளாஸ்திரிதான் உறுத்தியது. பாதுகாப்பைப் பற்றிப் பேசப் போகிறவன் முகத்திலேயே பிளாஸ்திரி இருந்தால் தொழிலாளிகள் சிரிக்க மாட்டார்களா?

கண்ணாடி முன் நின்று மெல்ல உரித்தார். பிளாஸ்திரியில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. தாடையைத் தடவினார். கழுத்தையும் காதோரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் கிடையாது.

“எனக்கு வெட்டே படலையே,” என்றார் குழப்பத்துடன். “அப்ப இவ்வளவு ரத்தம் எங்கேருந்து வந்துச்சு?”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி, முழுக்கச் சிவந்துபோயிருந்த துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“காலர்ல நீட்டிக்கிட்டு இருந்த நூலை வெட்டச் சொன்னீங்களே, அப்ப பிளேடு என் விரல்ல இறங்கிடுச்சுங்க. பரவாயில்ல, நீங்க போய் முதலுதவியைப் பத்திப் பேசிட்டு வாங்க.”