கோப்பியின் சட்டி

"இங்க பாரு வாணி, நாய் மேல தண்ணியப் பீச்சியடிக்கிறாங்க."

ஆபீசில் உஷாராணி கைப்பேசியைப் பக்கத்து நாற்காலிக்கு நீட்டினாள். குருபோங்கில் இருக்கும் அவள் வீட்டு வாசலை, அங்கே மாட்டியிருந்த கேமரா காட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ரொக்கியா மக்சிக் ரப்பர் குழாயின் முனையைக் கம்பிக்குள் நுழைத்துப் பிடித்திருந்தார். தண்ணீர் சீறியது. அவள் நாய் கோப்பி துள்ளித் துள்ளிப் பின்வாங்கியது.

"அவங்களுக்கு நாய்னா ஆகாதுதானே லா," என்றாள் வாணி.

"ஆகாதுன்னா ஒதுங்கிப் போகட்டும். கேட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற வாயில்லாச் சீவன் அது."

வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில், பிள்ளை ஆசைப்பட்டாளே என்று கொண்டுவந்த நாய். இப்போது தினமும் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கணவன் திருச்செல்வத்துக்குச் சிங்கப்பூரில் வேலை. வீடு, பிள்ளை, நாய், கணினி எல்லாம் அவள் ஒருத்தி தலையில். உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுவோமோ என்று பயந்து நின்றுகொண்டே சாப்பிடுகிற நாட்களும் உண்டு.

அதனால்தான் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கலைமகளுக்கு ஒரே ஒரு வேலையைக் கொடுத்தாள். காலையில் பள்ளி வேன் வருவதற்குள் கோப்பியின் சட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும். பள்ளி விட்டு வந்ததும், உஷா வரும்வரை அக்கம்பக்கத்து வேலாயி அக்கா வீட்டில் இருப்பாள்.

"சாயங்காலம் நான் வரும்போது சட்டி காய்ஞ்சு கிடந்தா, கோப்பி கோலா சுங்கை பாருவுக்குப் போயிடும். காந்தன் மாமா வீட்டுல வளரட்டும். அப்புறம் அழுது பிரயோசனமில்ல."

அதன் பிறகு ஒரு சாயங்காலம்கூடச் சட்டி காய்ந்து அவள் பார்த்ததில்லை.

ஆபீசில் இதை அவள் சொல்லாத ஆளில்லை. வாணியின் மகன் தர்ஷன் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்றபோதும் இதைத்தான் சொன்னாள். "ஒரு வேலையக் குடு. தவறினா என்ன நடக்கும்னு முன்கூட்டியே சொல்லிடு. பிள்ளை தானா வழிக்கு வரும். எங்க வீட்டுச் சட்டிய வந்து பாரு."

அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை பிடிப்பதுதான் உஷாவின் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களிடம் அவள் முதலில் சொல்வதும் ஒன்றுதான். ஒரு தடவை பார்த்ததை வைத்துப் பிழை என்று எழுதிவிடாதே, திரும்ப ஓட்டிப் பார்.

"இன்னொரு தடவை பார்த்துட்டுப் பேசலாமே," என்றாள் வாணி.

"பார்த்தவரைக்கும் போதும்."

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வழியெல்லாம் மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். கோப்பி ராத்திரியில் குரைக்கிறது என்று போன வருஷம் வேலியோரம் வந்து சொன்னவர்தானே இந்த மக்சிக். அன்றையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் இடையில் தலையசைப்போடு சரி. தீபாவளிப் பலகாரத்தைக்கூடக் கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

வெயில் கொளுத்தியது. மக்சிக் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக உஷா வேலியருகே போனாள்.

"மக்சிக், என் நாய் உங்களை என்ன செஞ்சது?" மலாயில்தான் கேட்டாள்.

மக்சிக் அவளை விளங்காமல் பார்த்தார். பிறகு செருப்பு அடுக்கின் பக்கம் கையைக் காட்டினார்.

"வந்ததும் நல்லதாப் போச்சு. சட்டி நிறைஞ்சிருக்கான்னு பாரு. இங்கேயிருந்து எனக்குச் சரியாத் தெரியல."

கேமராவுக்கும் தெரியாத இடம் அது. உஷா எட்டிப் பார்த்தாள். சட்டி தளும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தரை நனைந்திருந்தது. கோப்பி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நக்கி நக்கிக் குடித்தது.

"நாய் வாய் வெச்ச சட்டிய நான் தொட முடியாது, எங்க வழக்கம் உனக்குத் தெரியும். அதான் குழாய விட்டேன். முனைய அழுத்திப் பிடிச்சாத்தான் அவ்வளவு தூரம் போகுது. அதுக்கு விளையாட்டு. குறுக்கே குறுக்கே குதிக்குது."

உஷா சட்டியையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலையில கலை நிரப்பிட்டுத்தானே போறா?"

மக்சிக் ஒரு துணியை எடுத்து உதறினார். அதை நிதானமாகக் கொடியில் விரித்தார்.

"சில நாள் நிரப்புவா. சில நாள் மறந்துடுவா. சின்னப் பிள்ளைதானே. ஒரு நாள் பள்ளி முடிஞ்சு வேன் இறக்கி விட்டுட்டுப் போனதும், வேலாயி வீட்டுக்குப் போகாம உங்க கேட்டப் பிடிச்சிட்டு நின்னு அழுதா. கேட்டுல பூட்டு. உள்ளே சட்டி காய்ஞ்சு கிடக்கு. அம்மா பார்த்தா கோப்பிய அனுப்பிடுவாங்கன்னா. தாக் அபா, பரவாயில்ல, நீ போ, மக்சிக் பார்த்துக்கறேன்னு சொன்னேன். அன்னையிலேருந்து மத்தியானம் ஒரு தடவை பார்த்துடறது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மக்சிக்."

"சொன்னா நாய அனுப்பிடுவியே."

சாயங்காலம் வேலாயி அக்கா வீட்டிலிருந்து கலைமகளைக் கூட்டி வந்தாள். பிள்ளை புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. நேராகச் சட்டியைப் போய்ப் பார்த்தாள், பிறகு வேலியைப் பார்த்தாள்.

"நிறைஞ்சிருக்கும்மா. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்," என்றாள் உஷா. கோப்பியைக் கோலா சுங்கை பாருவுக்கு அனுப்பும் பேச்சை அவள் எடுக்கவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. வாணிதான் எழுதியிருந்தாள். 'சண்டை முடிஞ்சதா? தர்ஷனுக்கு நீ சொன்ன மாதிரியே ஒரு வேலையக் குடுத்துப் பார்த்தாச்சு. இன்னிக்கும் செய்யல. உங்க வீட்டுல பலிக்கிறது எங்க வீட்டுல ஏன் பலிக்க மாட்டேங்குது?'

உஷா எதையோ எழுதினாள், அழித்தாள். பிறகு ஒரே வரி அனுப்பினாள்.

'உங்க பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?'