வாய் முளைத்த கம்ப்யூட்டர்

“சார், இந்தப் புது சிஸ்டம் போட்டதிலேருந்து கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல இருக்கிறதை எல்லாம் சத்தமா வாசிக்குது. நாலு பேர் வந்து போற இடம், கூச்சமா இருக்கு. சர்வீஸ்காரரை வரச் சொல்லட்டுமா?”

கணக்கம்மா இப்படிக் கேட்டதும் முதலாளி முகத்தை அனுதாபமாக வைத்துக்கொண்டார். “புதுச் செருப்புன்னா கொஞ்சம் கடிக்கத்தாம்மா செய்யும். போகப் போகப் பழகிடும், விடுங்க.”

அந்த மெத்தைக் கம்பெனியில் எல்லாருக்கும்தான் கடித்தது. குடோன்காரர் பிரின்ட் பட்டனைத் தேடித் தேடிக் கண் பூத்துப் போனார். முதலாளியின் மச்சான், வழக்கமாக ஆடும் சீட்டாட்டத்தைக் காணோம் என்று இழவு வீட்டு முகத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாம்பிள் மெத்தையின் தரத்தைச் சோதிக்கப் போய்ப் படுத்துவிட்டார். தினமும் சோதிப்பார். குறட்டை வந்தால் மெத்தை பாஸ்.

இந்த நிபுணரைத்தான் காலியாகக் கிடந்த மேனேஜர் நாற்காலியில் உட்கார வைப்பதாக முதலாளி தன் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கம்பெனியை உண்மையில் இழுத்துக்கொண்டு போகிற கணக்கம்மா அந்த நாற்காலியைக் கேட்டபோதெல்லாம், ‘பார்க்கலாம்’ என்பதோடு சரி.

முதலாளிக்கு ஒரு பலவீனம். அடுத்தவர் பேச்சு காதில் விழுந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். அவருக்கும் கணக்கம்மாவுக்கும் நடுவில் இருந்த பிளைவுட் தடுப்பில், அவர் காது வைக்கிற இடம் மட்டும் பாலிஷ் போட்டதுபோல் வழவழவென்றிருக்கும். இப்போது கம்ப்யூட்டருக்கே வாய் முளைத்துவிட்டது. விடுவாரா?

முதல் நாளே தூக்கிவாரிப் போட்டது. போட்டிக் கம்பெனி முதலாளியம்மாவின் மெயிலைக் கம்ப்யூட்டர் உப்புச் சப்பில்லாத குரலில் ஒப்பித்தது: எங்களிடம் வந்துவிடுங்கள், மேனேஜர் பதவி தருகிறோம், முற்றுப்புள்ளி.

பிறகு கணக்கம்மாவின் பதில். எங்கள் முதலாளி தங்கமானவர், அவரை விட்டு வர மனசில்லை, முற்றுப்புள்ளி.

முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று வீட்டில் காரணமே சொல்லாமல் சிரித்துச் சிரித்து மனைவியைச் சந்தேகப்பட வைத்தார்.

மறுநாள் போட்டிக் கம்பெனி தனி அறை தருவதாகச் சொன்னது. அதற்கடுத்த நாள் கார் அனுப்புவதாகச் சொன்னது. கணக்கம்மாவின் பதிலில் ‘மனசில்லை’ போய் ‘யோசிக்கிறேன்’ வந்தது. முதலாளிக்கு ஏசியிலும் வியர்த்தது. இந்த நேரம் பார்த்து மச்சான், “அதை வாயை மூடச் சொல்லுங்க மாமா, தூக்கம் கெடுது” என்று சிணுங்க, வாழ்நாளில் முதல்முறையாக மச்சானை அவர் முறைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அது வாசித்தது: உங்கள் அன்புக்கு நன்றி, திங்கட்கிழமை வந்து

மீதியைக் கேட்க முதலாளி அங்கே இல்லை. மனைவியிடம் வாங்கப்போகும் அர்ச்சனைக்கும் மனதைத் தேற்றிக்கொண்டு, தடுப்பைச் சுற்றி ஓடி வந்து, மேனேஜர் நாற்காலியைத் தன் கர்ச்சீப்பாலேயே துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னையிலேருந்து நீங்கதாம்மா மேனேஜர். இதுல வந்து உக்காருங்க.”

“திடீர்னு என்ன சார் இது?” என்றார் கணக்கம்மா, ஒன்றுமறியாத பச்சைப்பிள்ளைபோல.

“எனக்கே தோணுச்சும்மா. திறமை எங்க இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது.”

மேனேஜர் உத்தரவில் கையெழுத்து காய்வதற்குள், பாக்கி வேலை இருக்கிறதென்று சர்வீஸ்காரர் பையோடு வந்து நின்றார். காரியம் முடிந்த நிம்மதியில் முதலாளி, இந்த வாயாடிக் கம்ப்யூட்டரை முதலில் ஊமையாக்குங்கள் என்றார்.

“அது ஒரு நிமிஷ வேலை சார்” என்று கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்தார் சர்வீஸ்காரர். “நான் வந்தது வேற விஷயத்துக்கு. புது சிஸ்டம் போட்ட அன்னையிலேருந்து இது ஒண்ணுக்கு மட்டும் இன்டர்நெட்டே வரல. பாவம், மேடம் இத்தனை நாளா ஒரு மெயில்கூட அனுப்பவும் முடியாம, வாங்கவும் முடியாம உக்காந்திருக்காங்க.”