ஒன்பது கையெழுத்து

ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவனுக்கு அந்த ஆட்டத்தின் பந்தைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத சாமான் அது. ஸ்கெல்பியில், கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், அதன் விலை நானூறு பவுண்டு.

“நூத்தம்பது,” என்றார் டெஸ்மண்ட் ஆல்சப், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

“நூத்தம்பதா? டோஸ்டர் வேணும்னா பாருங்க பெரியவரே, ரெண்டு பவுண்டுதான்.” விற்றவள் நெட்டைப் பெண். டிக்கிக் கதவில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

தொப்பிக்குக் காரணம் இருந்தது. அந்தப் பந்து ஒரு காலத்தில் அவருடையது. ஸ்கெல்பி டவுன் அணிக்காக நூற்று அறுபத்து மூன்று கோல் போட்ட ஸ்ட்ரைக்கர் அவர். முந்தைய சாதனையைவிட ஒன்று கூடுதல். அதற்காக வரும் சனிக்கிழமை மைதானத்தின் வடக்குப் பார்வையாளர் மாடத்துக்கு அவர் பெயரை வைக்கிறார்கள்.

‘உங்க ஹாட்ரிக் பந்தைக் கொண்டு வாங்க, கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்’ என்று கிளப்பில் கேட்டபோது, பரண்மேல் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். முழங்கால் போய், பின்னாலேயே மனைவியும் போய்விட்ட அந்த வருஷத்தில், மதுக்கடைக்காரர் மூலம் பெயர் சொல்லாத யாருக்கோ அதை விற்றிருந்தார். உறையில் முந்நூறு பவுண்டு வந்தது, எண்ணிப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார்.

“யாரோடதும்மா இது?”

“எங்கப்பாவோடது. இப்ப முதியோர் இல்லத்துல இருக்கார். என் பேரே மறந்துபோச்சு அவருக்கு. இல்லத்துக்காரங்கதான் பில் அனுப்ப மறக்க மாட்டேங்கிறாங்க.”

“ஆல்சப்போட ரசிகரோ?”

“ஆல்சப் ஆடின ஒரு ஆட்டம் விட்டதில்ல. உள்ளூரோ வெளியூரோ, மழையோ பனியோ, பையைத் தூக்கிட்டுப் போயிடுவார்.”

டெஸ்மண்டின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. ஆனாலும் புகழ்ச்சி வேறு, பேரம் வேறு. பந்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்.

“சரி, எரநூறு. கூட ஆடின பத்துப் பேரும் இதுல கையெழுத்துப் போட்டிருக்கணும். எண்ணிப் பாரு, ஒன்பதுதான் இருக்கு. கொறச் சரக்கு.”

“யாரு போடல?”

“ஹாரக்ஸ்னு ஒரு தடுப்பாட்டக்காரன்.”

“ஏன் போடலயாம்?”

இங்கே அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நாற்பது வருஷமாக மூடி வைத்திருந்த வாய். குற்ற உணர்ச்சி திறக்காத அந்த வாயை இருநூறு பவுண்டு தள்ளுபடி திறந்துவிட்டது.

“இது சுத்தமான ஹாட்ரிக் இல்லம்மா, அதான். மூணாவது கோல் ஹாரக்ஸ் தலையால முட்டினது. பந்து போற வழியில ஆல்சப் நின்னுட்டிருந்தான். என் தலையில பட்டுத்தான் போச்சுன்னு கையைத் தூக்கிட்டு ஓடினான். ரெஃப்ரியும் அவன் பேரையே எழுதிக்கிட்டார்.”

“பட்டுச்சா?”

“படல.”

“அந்த ஹாரக்ஸ் சண்டை போடலயா?”

“அவனா? உடை மாத்துற ரூம்ல பந்து கை மாறி கை மாறி வந்துச்சு. அவன் முறை வந்தப்ப பேனாவை அடுத்தவன்கிட்ட குடுத்துட்டு, குனிஞ்சு பூட்ஸ் கயித்தை அவிழ்க்க ஆரம்பிச்சுட்டான். ஒரு வார்த்தை பேசல. நல்லாத் திட்டியிருந்தா…”

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். “ரொம்பப் பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்றீங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்துக் காரில் யாரோ பழைய பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

“கையைத் தூக்கினது நான்தான்.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் டோஸ்டரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“அதுக்கப்புறம் ஹாரக்ஸ் தெருவுல எதிர்ல வந்தா நான் அந்தப் பக்கம் போயிடுவேன். கடையில பாத்தா வாங்க வந்ததை வாங்காமத் திரும்பிடுவேன். வடக்கு மாடத்துல என் பேரை எழுதுறாங்களாம். அதுல ஏறி உக்காரவே எனக்குக் கூசுது.” நானூறு பவுண்டையும் எண்ணி டிக்கி விளிம்பில் வைத்தார். “உங்கப்பா பாவம், கள்ளச் சரக்கை நல்ல சரக்குன்னு நம்பி வாங்கி ஏமாந்துட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லும்மா. புரியலைன்னாலும் சொல்லு.”

“அவர் ஏமாறல. தெரிஞ்சேதான் வாங்கினார்.”

“எப்படித் தெரியும்? அன்னிக்கு மாடத்துல உக்காந்திருந்த ஒருத்தருக்கும் தெரியலையே.”

“எங்கப்பா மாடத்துல உக்காரல. உங்களுக்குப் பத்தடி பின்னால, புல்லுல நின்னுட்டிருந்தார்.”

டெஸ்மண்ட் பந்தைத் திருப்பி ஒன்பது கையெழுத்தையும் மறுபடி எண்ணினார்.

அவள் நோட்டுகளைத் தொடவில்லை. “மொத்தம் நானூத்தி முப்பத்தெட்டு ஆட்டம் ஆடினார், போட்டது ஒரே ஒரு கோல். அதுக்கும் உங்களுக்கு முந்நூறு பவுண்டு குடுத்திருக்கார்.”