மூன்றாவது பெட்டி

“சேறு குழைக்கவா டீச்சர் இந்தப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தீங்க?”

விஞ்ஞான ஆலோசகர் சிவஞானம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களின் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான சனிக்கிழமை வகுப்பு அது. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூடிவிடுவார்கள். அதைச் சொல்லத்தான் பதுளையிலிருந்து வந்திருந்தார்.

மேசையில் மூன்று மீன் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மலைச்சரிவு போல மண்ணை அடைத்து, அடிவாரத்தில் ஒரு தீப்பெட்டியை வீடாக வைத்திருந்தார்கள்.

“சடப்பொருள் பாடம் சேர்,” என்றார் நிரஞ்சலா டீச்சர், பயந்துகொண்டே. “மண்ணு எப்பவும் திண்மமாவே நிக்குமா, இல்ல திரவம் மாதிரி ஓடுமான்னு பிள்ளைங்களே செஞ்சு பாக்குறாங்க. மண்ணையும் அவங்களே போய் எடுத்துட்டு வந்தாங்க. இந்த மூணாவது பெட்டி மண்ணு எங்க எடுத்ததுன்னா…”

“எங்க எடுத்தா எனக்கென்ன? திண்மம்னு போர்டுல எழுதிப் போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போய் ஒரு கூத்து!”

இதுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன? போன வாரம் இதே கூட்டம், லுணுகலையில் அவர் புதிதாகக் கட்டிய மாடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. லயத்து ஒற்றை அறைகளில் வளர்ந்த பிள்ளைகள், நல்ல வீட்டை எங்கே கண்டன, வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை அங்கே பால் காய்ச்சிக் குடிபோகிறார்.

தயானி என்ற சிறுமி, ஓட்டை போட்ட பால்மா டின்னால் மழை பெய்யவைத்தாள். முதல் பெட்டி மண் அசையவில்லை. இரண்டாவதில் ஓரம் மட்டும் கரைந்தது.

மூன்றாவதில் மண் ஊறிப் பிளந்து, கஞ்சி மாதிரி வழிந்து, தீப்பெட்டியை அப்படியே மூடிவிட்டது.

பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிவஞானத்துக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அட கடவுளே! இந்த மண்ணுல எந்த மடையன் வீடு கட்டுவான்? ஒங்க லயத்துச் சனந்தான் கட்டும். கட்டிப்புட்டு, சரிஞ்சு வந்ததும் ஐயோ குய்யோன்னு கத்தும்!”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். தயானிக்குத்தான் மனசு கேட்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்:

“சேர், அது ஒங்க புது வீட்டுக்குப் பின்னால, மலைய வெட்டின எடத்துல அள்ளுன மண்ணுங்க.”